மணல்குழிக்குக் காவல்

இந்த ஓரமாக உட்காருங்க பெரியம்மா. கூடையை மட்டும் கீழே வைத்துவிடுங்க, அந்தக் காலில் பட்டுவிடக் கூடாது. என் மடியில் கிடக்கிறதே, அந்தக் கால்தான். என் அக்காவோடது. தூங்குகிறாள். சாத்தூரில் பஸ் ஏறினதிலிருந்து ஜன்னலில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டுதான் வருகிறாள். மாத்திரை அப்படி. நாம் சத்தமாகவே பேசலாம், எழுந்திருக்க மாட்டாள்.

இல்லை, வண்டியிலிருந்து விழவில்லை. எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். கபடி. ஆமாம், பொம்பளைப் பிள்ளைகள் கபடிதான். ஏன், நீங்க பார்த்ததில்லையா? என் அக்கா பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டினால் நாலு பேர் காலைப் பிடித்தாலும் தவளை மாதிரி எக்கி இந்தப் பக்கம் வந்து விழுவாள். இப்போது கக்கூசுக்குப் போகவே ஆள் வேண்டும்.

மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறோம். முழங்காலில் ஜவ்வு கிழிந்திருக்கும் போல, மதுரையில் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் என்று எங்கள் ஊர் டாக்டர் சொல்லிவிட்டார். இனிமேல் ஆடலாமா என்று கேட்டேன். "மொதல்ல நடக்கட்டும்மா" என்றார். இது ஒரு பதிலா? ஆடலாம் என்றால் ஆடலாம், இல்லை என்றால் இல்லை. அவ்வளவு படித்தவருக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை.

அம்மா வரவில்லை. தீபாவளி நெருங்குகிறது, பட்டாசு ஆலையில் லீவு கேட்டால் நாளைக்கு வராதே என்பார்கள். நான் வேலை பார்க்கிற தீப்பெட்டி ஆபீஸில் கேட்கவே இல்லை, வந்துவிட்டேன். நான் இப்படித்தான். பள்ளிக்கூடத்தையும் இப்படித்தான் விட்டேன். ப்ளஸ் டூ பாதியில் ஒரு நாள் பையைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டினேன், அப்புறம் எடுக்கவில்லை. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை. சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. அதனால்தான் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், தப்பு யார் பேரில் என்று நீங்களே சொல்லுங்க.

எங்கள் பக்கம் கரிசல் மண். மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். காய்ந்தால் சிமெண்ட் தரை தோற்றுப்போகும். அதுவும் வெறும் தரையாக இருக்காது, பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், வெடிப்புக்குள் கால்விரலே போய்விடும். அக்கா படிக்கிற காலேஜ் கிரவுண்டும் அதே மண்தான். அதில் குதித்துக் குதித்துப் போன வருசமே அக்காவுக்கு முட்டி வீங்கிவிட்டது. "கட்டாந்தரையில குதிச்சா ஒரு நாள் விட்டுரும். பயிற்சியெல்லாம் மணல்ல வெச்சுக்கோ" என்று அப்போதே ஒரு டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த முட்டி வெறும் முட்டி இல்லை பெரியம்மா. பல்கலைக்கழக டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள். அதில் ஆடினால் ஒரு சர்டிபிகேட் தருவார்கள். அது இருந்தால் போலீஸ் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் போகலாம். அக்கா வேலைக்குப் போனால் அம்மா பட்டாசு மருந்து வாடையோடு வீட்டுக்கு வர வேண்டாம். எங்கள் வீட்டில் எல்லாருமே அந்த ஒரு முழங்காலைத்தான் நம்பியிருந்தோம்.

அதனால் ஞானசிகாமணி சார் ஒரு மணல்குழி வெட்டலாம் என்றார். அவர்தான் காலேஜில் விளையாட்டு வாத்தியார். ரொம்ப நல்லவர். ஆனால் யாரையும் எதிர்த்து ஒரு சொல் சொல்ல மாட்டார், விசிலைக்கூட மெதுவாகத்தான் ஊதுவார். நிர்வாகத்தில் கேட்டதற்கு இடம் தருகிறோம், வேறு ஒன்றும் தர மாட்டோம் என்றார்களாம். சரி, நாமே வெட்டுவோம் என்று பழைய மாணவர்களைக் கூப்பிட்டார். அவர்கள் சங்கத் தலைவர் பரமகுரு அண்ணன் வந்தார். இரும்புக்கடை வைத்திருக்கிறார். காதுக்குள் ரகசியம் சொன்னாலும் மைக் பிடித்த மாதிரிதான் சொல்வார். எங்கள் தெரு சவுந்தர மாமா டிராக்டரோடு வந்தார். வீடு கட்ட என்று இறக்கி, வேலை பாதியில் நின்று, வாசலில் குவிந்து கிடந்த ஆற்று மணலை "பிள்ளைகளுக்குத்தான, அள்ளிட்டுப் போங்க" என்றார். டீம் பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள். நானும் போனேன். எனக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு.

வேலை செய்தோம் பெரியம்மா, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கடப்பாரையைப் போட்டால் ணங்கென்று திரும்பித் தெறிக்கும். முந்தின நாளே தண்ணீர் விட்டு ஊறப்போட்டு, மறுநாள் வெட்டுவோம். வெட்டின குழியில் உடைந்த செங்கலைப் பரப்பி, அதன் மேல்தான் மணல். மணலைச் சலித்தது முழுக்க நான். சல்லடையைக் கம்பில் சாய்த்து நிறுத்தி, அள்ளி அள்ளி எறிய வேண்டும். சிப்பி, ஆணி, கண்ணாடித் துண்டு, ஒரு பொம்மையின் கை, எல்லாம் வந்தது. கண்ணாடி ஒன்றுகூடத் தப்பவில்லை. அக்கா வெறுங்காலோடு இறங்கப் போகிறாளே.

முதல் நாளே பரமகுரு அண்ணன் என்னிடம் வந்தார். "ஏ பிள்ள, நீ காலேஜ்ல என்ன படிக்க?"

"படிக்கல."

"பொறவு எதுக்கு வந்த?"

"மணல் சலிக்க. நீங்க எதுக்கு வந்தீங்க, போட்டோ எடுக்கவா?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவர் கையில் அப்போது போன்தான் இருந்தது. சார் மட்டும் வானத்தைப் பார்த்தார். அன்றைக்கு அக்கா சிரித்த சிரிப்பு! "ஏட்டி முப்பி, ஒன் வாயில மணலப் போட" என்று என் தலையில் ஒரு பிடி மணலைக் கொட்டினாள். முப்பி என்றால் முப்பிடாதி. அம்மன் பேரு.

குழி முடிந்தது. நாலு பக்கமும் பழைய லாரி டயரைப் பாதி புதைத்து வெள்ளையடித்தோம். திருஷ்டிக்குப் பூசணிக்காய் உடைத்தோம். மணல் அப்படியே மாவு மாதிரி கிடந்தது. அக்கா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடி வந்தாள், குதிக்கப் போகிறாள் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம், பரமகுரு அண்ணன் குறுக்கே வந்து கையை விரித்துவிட்டார்.

"தங்கச்சி, தங்கச்சி! எறங்காத. தெறப்பு விழா முடியட்டும். காலேஜ் செயலாளர் வந்து ரிப்பன் வெட்டுன பொறவுதான் கால் வைக்கணும். மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

அக்கா சாரைப் பார்த்தாள். சார் சொன்னார், "ரெண்டு நாள்தானம்மா, பொறுத்துக்கோ."

அந்த ரெண்டு நாள்தான் பெரியம்மா வந்து முடியவே இல்லை. செயலாளர் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அவர் வருவதற்குள் ஒரு கல்வெட்டு வைத்துவிடலாம் என்றார்கள். கறுப்புக் கல், அதில் பேர் வெட்டி, குழிக்குப் பக்கத்தில் நட வேண்டும். செயலாளர் பேர் முதலில், பிரின்சிபால் பேர் இரண்டாவது. அதில் சண்டையே இல்லை. ஒரு கூடை மண்கூட அள்ளாதவர்கள் மேல் யாருக்கும் பொறாமை வரவில்லை போல. மூன்றாவது பேரில்தான் வந்தது வினை.

"மணல் யாரு மணல்?" என்றார் சவுந்தர மாமா.

"யோசனை யாரு யோசனை?" என்றார் பரமகுரு அண்ணன். யோசனை ஞானசிகாமணி சாருடையது. சார் பக்கத்தில்தான் நின்றார், ஒன்றும் சொல்லவில்லை.

"அப்ப ஒன் யோசனைக்குள்ள போய்க் குதிக்கச் சொல்லு பிள்ளைகள. நான் என் மணல அள்ளிட்டுப் போறேன்."

நிஜமாகவே டிராக்டரைக் கொண்டுவந்து குழிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார். அப்புறம் சமாதானம் பேசி, இரண்டு பேர் பேரும் ஒரே வரியில் என்று முடிவானது. ஒரே வரி என்றால் யார் இடது பக்கம், யார் வலது பக்கம்? அதற்கு ஒரு பஞ்சாயத்து. பேராசை கேள்விப்பட்டிருப்பீங்க, இது பேர் ஆசை பிடித்த கூட்டம். எனக்கு இதெல்லாம் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அதற்குள் பிள்ளைகள் சும்மா இருக்க முடியுமா? கிரவுண்டிலேயே பயிற்சி. ஒரு பக்கம் மெத்தை மாதிரி மணல் கயிறு கட்டிக் கிடக்கிறது, இந்தப் பக்கம் கட்டாந்தரையில் குதிக்கிறார்கள். அக்கா முட்டியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு குதிப்பாள். ராத்திரி தவிட்டு ஒத்தடம் நான்தான் கொடுப்பேன்.

பிறகு கல்வெட்டில் என்ன வரப்போகிறது என்று தாளில் எழுதிக் கொண்டுவந்து காட்டினார்கள். எல்லார் பேரும் இருந்தது. டீக்கடையில் டீ கொடுத்தவர் பேர்கூட இருந்தது. கடைசியில் "மற்றும் கல்லூரி மாணவிகள்".

"என் பேரு எங்க?" என்றேன்.

"மாணவிகள்ல வந்துரும் பிள்ள."

"நான் மாணவி இல்லையே. நீங்கதான மொத நாளே கேட்டீங்க?"

"கல்லுல எடம் இல்லம்மா. கல் வெட்டுறவன் பாதி வெட்டிட்டான்."

நான் விடுவேனா? அவ்வளவு மணலையும் சலித்தது யார்? "என் பேரு இல்லன்னா, சலிச்சு எடுத்த கண்ணாடியெல்லாம் அந்தா சாக்குல கெடக்கு, திரும்பக் குழிக்குள்ள கொட்டிருவேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்னால் செய்வேன் என்று அவர்களுக்குத் தெரியும். வேறு பெரிய கல் எடுத்து முதலிலிருந்து வெட்டினார்கள். அதில் கொஞ்சம் தாமதம்தான். செயலாளர் கொடுத்திருந்த தேதி போய், அவருக்கு வேறு தேதி கிடைக்க ஒரு வாரமோ என்னவோ ஆனது. அது பெரிய விஷயமா? ஏற்கெனவே அவ்வளவு நாளைத் தின்றவர்கள் அவர்கள். நான் கேட்டது ஒரே ஒரு பேர்.

அக்காவிடம் சந்தோஷமாகப் போய்ச் சொன்னேன். "கல்லுல என் பேரும் வருதுக்கா." ஒத்தடத் துணியைப் பார்த்துக்கொண்டே "நல்லதுட்டி" என்றாள்.

இதற்கிடையில் ஒரு நாய் குழிக்குள் இறங்கிப் படுத்து, அசிங்கமும் பண்ணிவைத்துவிட்டது. ஆடு வேறு வருகிறது. அதனால் காவல் போட்டார்கள். முறை வைத்து ஆளுக்கொரு நேரம். காலையில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற வரைக்கும் என் முறை. மற்றவர்கள் போனை நோண்டிக்கொண்டு இருப்பார்கள். நான் அப்படி இல்லை. பலகையில் நீளக் கம்பு வைத்துக் கட்டி, அதால் மணலை இழுத்து இழுத்துச் சமப்படுத்தி வைப்பேன். போட்டோ எடுத்தால் அலை அலையாகத் தெரியும். என் நேரத்தில் ஒரு கோழி இறங்கினது கிடையாது. பரமகுரு அண்ணனே சொன்னார், "காவல்னா முப்பிடாதி காவல்தான்"ன்னு.

விழாவுக்கு முந்தின நாள் காலை. விடிந்து கொஞ்ச நேரம்தான். அக்கா வந்தாள், முட்டியில் துணி கட்டிக்கொண்டு.

"ஏட்டி முப்பி, கயித்தத் தூக்கு."

"எதுக்கு?"

"குதிக்கத்தான். கேக்கா பாரு கேள்வி. எனக்காக வெட்டுன குழிதான இது?"

"நாளைக்கு விழாக்கா. இப்பத்தான் இழுத்துச் சமமாக்கி வெச்சிருக்கேன்."

"ஓரத்துலதான்ட்டி. நானே திருப்பி இழுத்து விட்டுருதேன். ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

சிரித்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாள் போல. அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள்.

"நெசமாவா சொல்லுத? முட்டி வலிக்கிட்டி. அந்தத் தரையில குதிச்சா உச்சந்தலை வரைக்கும் தெறிக்கி. தெனமும் நீதான ஒத்தடம் குடுக்க?"

"அப்ப இன்னிக்கி ரெஸ்ட் எடு."

"செலக்சன் வந்துருச்சு, ரெஸ்ட் எடுக்கவா?"

சொல்லிக்கொண்டே கயிற்றுக்கு மேலாக ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள். பலகைக் கம்பால் தள்ளினேன். மெதுவாகத்தான். அவள் பின்னால் போய் நின்றாள்.

"ஒன் பேரு கல்லுல ஏறுதுல்ல, அந்த ஆட்டம்" என்றாள். போய்விட்டாள்.

என்ன பெரியம்மா அப்படிப் பார்க்கிறீங்க? அக்கா என்பதற்காக விட முடியுமா? அவளை விட்டால் அவள் டீமில் இருக்கிற ஜெனிபர் வருவாள், ஜெனிபரை விட்டால் மற்ற பிள்ளைகள். அப்புறம் காவல் என்று ஒன்று எதற்கு? நான் ஆளுக்கு ஒரு நியாயம் பேசுகிறவள் இல்லை. அந்த ஒற்றைக் காலடி மணலில் பதிந்திருந்தது. விரல்கூட ஐந்தும் தெரிந்தது. அதை இழுத்துச் சமப்படுத்தினேன்.

அங்கே கிரவுண்டில் பிள்ளைகள் ஆட ஆரம்பித்தார்கள். அக்கா பாடுவது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. கபடி, கபடி, கபடி என்று ஒரே மூச்சில் போவாள், எத்தனை பேர் சேர்ந்து பாடினாலும் அவள் குரல் எனக்குத் தனியாகக் கேட்கும். திடீரென்று நின்றுபோனது. மூச்சு விட்டுவிட்டாள் போல, அவுட் என்றுதான் நினைத்தேன். அப்புறம் ஜெனிபர் கத்தினாள்.

ஓடினேன். ஆடு ஒன்று பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்தது, அதனால் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டுத்தான் ஓடினேன். போய்ப் பார்த்தால் அக்கா தரையில் கிடக்கிறாள். எக்கித் தாவி விழுந்த இடத்தில் தரை வெடிப்பு. பாதம் அதில் மாட்டிக்கொண்டது, உடம்பு திரும்பிவிட்டது, முட்டி திரும்பவில்லை. அவ்வளவுதான் பெரியம்மா. அவள் அழக்கூட இல்லை. கையால் அந்த மண்ணைப் பிறாண்டிக்கொண்டே இருந்தாள். அந்த மண் பிறாண்டினால் வருமா? நகம்தான் பிய்ந்தது. நான் பக்கத்தில் நின்றேன். பிடிக்கவா, தூக்கவா, தண்ணீர் கொடுக்கவா, ஒன்றும் தெரியவில்லை. எனக்கு எப்போதும் ஏதாவது செய்யத் தெரியும். அன்றைக்கு ஒன்றுமே தெரியவில்லை. சார் விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு "அய்யோ, அய்யோ" என்கிறார், அதையும் மெதுவாகத்தான் சொல்கிறார்.

விழா நடந்தது. நடக்காமல் இருக்குமா? ஷாமியானா போட்டாயிற்றே. செயலாளர் வரவில்லை, மருமகனை அனுப்பினார். ரிப்பன் வெட்டினார்கள். கேப்டன் இல்லாமல் போட்டோ எப்படி என்று பரமகுரு அண்ணன் கார் அனுப்பி அக்காவைக் கூட்டிவந்தார். காலை நீட்டின வாக்கில் பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்து, சேரோடு நாலு பேர் தூக்கிக் குழிக்கு நடுவில் வைத்தார்கள். மணல் சலித்த மணல் இல்லையா, சேர் கால் நாலும் உள்ளே இறங்கிவிட்டது. அக்கா ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மருமகன் பேசினார், "இனிமேல் நம் மாணவிகளுக்கு முழங்கால் வலி என்ற பேச்சே இருக்காது" என்று. எல்லாரும் கை தட்டினார்கள். அவருக்கு யாரும் சொல்லவில்லை போல.

கல்லில் என் பேர் கடைசியில் இருந்தது. முப்பிடாதி என்று நல்ல ஆழமாகவே வெட்டியிருந்தார்கள். அக்காவின் சேருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, "அந்தா பாருக்கா" என்றேன். அவள் திரும்பவே இல்லை. அந்தப் பக்கம் ஜெனிபர் முதல் ஆளாகக் குதித்தாள். அக்கா இடத்தில் செலக்சனுக்கு இப்போது ஜெனிபர்தான் போகிறாள். தினமும் அந்தக் குழியில்தான் பயிற்சியாம். மெத்து மெத்தென்று இருக்கிறது, காலே வலிக்கவில்லை என்று என்னிடமே வந்து சொல்கிறாள்.

இப்போது சொல்லுங்க, யார் பேரில் தப்பு? மொறை மொறை என்று நின்ற பரமகுரு அண்ணன். டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தின மாமா. மகள் வீட்டிலேயே கிடந்த செயலாளர். வாயைத் திறக்காத சார். ஒருத்தரும் வீட்டுப் பக்கம் வந்து எட்டிப் பார்க்கவில்லை. நான் மட்டும்தான் இதோ காலை மடியில் வைத்துக்கொண்டு போகிறேன். என்னை ஒருத்தரும் ஒரு குறை சொல்ல முடியாது.

அக்காதான் என்னோடு பேசுவதில்லை. அன்றிலிருந்து. தண்ணீர் வேண்டுமா என்றாலும் பதில் இல்லை. ராத்திரி ஒத்தடத்துக்குத் துணியைச் சூடு பண்ணிக் கொண்டுபோனால் வாங்கித் தானே வைத்துக்கொள்கிறாள். வலியில் அப்படித்தான் இருக்கும், இல்லையா? நான் ஒன்றும் நினைத்துக்கொள்வதில்லை. என்ன சொல்லி அவளைப் பேசவைப்பது என்றுதான் தெரியவில்லை. எனக்குப் பேசத் தெரியும் என்று ஊரே சொல்கிறது.

ஏன் பெரியம்மா, நீங்க ஒன்றுமே சொல்ல மாட்டேங்கிறீங்க?

சரி, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது. நீங்களும் இங்கேதானே? கொஞ்சம் பொறுங்க, கூட்டம் இறங்கட்டும். அக்கா, ஏ அக்கா, எந்திரி, வந்தாச்சு. அட, முழித்துக்கொண்டுதான் இருக்கியா? எப்போது முழித்தாய்? ஒன்றும் சொல்லாமல் இருக்கிறாயே. பார்த்து, காலை மெதுவாக இறக்கு. இந்தா, என் தோளைப் பிடி. பிடிக்கா. எதற்கு அவங்களைக் கூப்பிடுகிறாய்? அவங்க கையில் கூடை இருக்கு, பாவம் அவங்களுக்கும் வயசாச்சு. நான் இருக்கேன்ல?

சரி. சரி, பிடிச்சுக்கோ.

பெரியம்மா, மெதுவா. அந்தப் பக்கமாகப் பிடிக்காதீங்க, முட்டி மடங்கிவிடக் கூடாது. படியில் நல்ல காலை முதலில் வைக்கச் சொல்லுங்க. நான் சொன்னால் கேட்க மாட்டாள், நீங்க சொல்லுங்க. கூடையை நான் எடுத்துக்கொண்டு வருகிறேன். செருப்பையும் எடுத்துக்கொண்டேன். ஏ அக்கா, கேட்டியா? நான் பின்னாடிதான் வர்றேன்.

என்ன கண்டக்டர் அண்ணே? அந்தப் பிள்ளைகூட வந்தவங்கதான் எறங்கிட்டாங்களே, நீ எதுக்கு இடிச்சுக்கிட்டுப் போறேன்னு கேக்கீங்களா? இல்லண்ணே. அவங்க யாருன்னே எங்களுக்குத் தெரியாது. கூட வந்தது நான். வழி விடுங்க, கூட வந்தது நான்தான்.